சக்கரப் பொருத்தம்



கொல்கத்தாவில் மல்லிக் பஜார் இருக்கிறது. அங்கே வண்டிச் சாமான் கடைகள் அதிகம். அருகில் உள்ள உத்தர்பாரா ஆலையில் 2014-இல் அம்பாசிடர் கார் செய்வது நின்றது. பழைய வண்டிக்குச் சாமான் தேடுவோர் மல்லிக் பஜாருக்கு வருவார்கள். கார்காரர் வருவார். பிக்அப் வண்டிக்காரரும் வருவார்.

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறோம். சக்கரத்துக்கும் பார்க்க வேண்டும். எத்தனை துளை? துளைகளின் இடைவெளி என்ன? நடு ஓட்டை என்ன அளவு? மூன்றும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது நட்டு. சில நட்டின் அடி கூம்பாக இருக்கும். சில உருண்டை. சில தட்டை. சக்கரத் துளையின் வாயும் அதே வடிவில் இருக்க வேண்டும். மாறினால் நட்டு சரியாக உட்காராது. எவ்வளவு முடுக்கினாலும் ஓட்டத்தில் தளரும். போல்ட் முறியும். சக்கரம் கழன்று ஓடும். வண்டியில் இருப்பவருக்கும் ஆபத்து. சாலையில் நடப்பவருக்கும் ஆபத்து.

மரையில் துருவும் சேறும் இருந்தால் துடைக்க வேண்டும். முதலில் நட்டைக் கையால் சுற்ற வேண்டும். கையால் ஏறாவிட்டால் மரை வேறாக இருக்கலாம். அதை ஸ்பேனரால் ஏற்றக் கூடாது. பிறகு ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முடுக்க வேண்டும். ஜாக்கியை இறக்கியபின் இறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சோதிக்க வேண்டும்.

நட்டு சின்னதுதான். உயிரைத் தாங்குவது அதுதான்.