பச்சைத் தேயிலையும் பெண்களின் உடற்பருமனும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசுவது வழக்கம். நானோ தேயிலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் இந்தக் கண்டி மலைகளிலேயே இருக்கிறது. ஆகவே அக்குறணையில் தேயிலையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும் பேசவேண்டிய காரணம் ஒன்றுண்டு.

என் தமக்கையின் மகள் ஒருத்தி, கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்திலே, உடல் மெலிவதற்கென்று பச்சைத் தேயிலைச் சாற்றுக் குளிகைகளை வாங்கினாள். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அதிலே போயிற்று. மூன்று மாதம் விழுங்கியும் நிறை குறையவில்லை. நான் விசாரித்தபோது, “மருந்து நல்ல மருந்துதான், மாமா. பிழை என்னிலேதான். என் உடம்பே அப்படி” என்று சொல்லி அழுதாள். மருந்து தோற்றது; தோல்வியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டவள் அவள்! அந்தக் கண்ணீர்தான் என்னை இந்த மேடைக்கு அனுப்பியது.

பச்சைத் தேயிலையும் நாம் குடிக்கும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியின் கொழுந்துதான். கொழுந்தை வாட்டி, அரைத்து, காற்றுப்பட விட்டால் அது கறுப்புத் தேயிலை. பறித்ததும் ஆவியிலோ சூட்டிலோ காட்டி அம்மாற்றத்தைத் தடுத்தால் அது பச்சைத் தேயிலை. இதனால் கேட்டெச்சின் என்னும் பொருள்கள் பச்சைத் தேயிலையில் மிகுதியாக எஞ்சுகின்றன. அவற்றுள் தலையானது ஈ.ஜி.சி.ஜி. எனப்படுவது. இது கொழுப்பை எரிக்கத் துணைசெய்யும் என்ற எண்ணத்திலேதான் அதன் சாற்றைக் குளிகையாக்கினார்கள்.

எண்ணம் வேறு, நிரூபணம் வேறு. தைவான் நாட்டு வைத்தியர்கள் இதைப் பெண்களிடத்திலேயே சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். உடற்பருமனுள்ள 100 பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு பகுதியாக்கினார்கள். ஒரு பகுதியாருக்குத் தேயிலைச் சாற்றுக் குளிகை. மற்றவர்களுக்கு அதே தோற்றமுடைய வெறும் மாவுக் குளிகை. எவருக்கு எது என்பதை உண்டவர்களும் அறியார், கொடுத்த வைத்தியர்களும் அறியார். நாளுக்கு மூன்று வேளையாகப் 12 வாரம் நடந்த இச்சோதனையை 78 பேர் நிறைவு செய்தனர். முடிவு யாது? நிறையிலும் இடுப்பின் சுற்றளவிலும் இரு பகுதியாருக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை!

மாவுக் குளிகை ஏன் என்று இளைஞர்கள் கேட்கலாம். மருந்து உண்கிறோம் என்ற நினைவே நம்மைக் குறைவாக உண்ணவும் கூடுதலாக நடக்கவும் செய்யும். அப்படிக் குறைந்த நிறையை மருந்தின் கணக்கிலே எழுதிவிடக் கூடாதல்லவா? அதற்காகவே இந்த ஏற்பாடு.

தைவான் வைத்தியர்கள் அதோடு விட்டுவிடவில்லை. 2016இல் வெளிவந்த மற்றொரு சோதனையிலே, 102 பெண்களைச் சேர்த்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 857 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. என்னும் பெரிய அளவைக் கொடுத்துப் பார்த்தனர். 12 வாரத்தில் மருந்துண்டவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது. ஆம், குறைந்தது; அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால், நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் குளிகையாக உண்பது ஈரலைத் தாக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2018இல் எச்சரித்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வேறொரு நோக்கத்துக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் ஓராண்டு நடந்த சோதனையிலும், இத்தகைய அளவை உண்டவர்களுள் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு ஈரல் நொதியங்கள் ஏறின. ஒரு கிலோவுக்காக ஈரலைப் பணயம் வைப்பதா?

உலகெங்கும் நடந்த சோதனைகளை 2012இல் கொக்ரேன் அமைப்பார் திரட்டிப் பார்த்தனர். ஜப்பானுக்கு வெளியே நடந்தவற்றில், மருந்துண்டோர் மற்றவரைவிடக் கூடுதலாக இழந்த நிறை சராசரியாக 40 கிராம். நண்பர்களே, அது ஒரு வாய்ச் சோற்றின் நிறை!

நிற்க. உடற்பருமன் சிறிய விடயமன்று. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது வாசல். நம் நாட்டிலே ஆண்களிலும் பெண்களிடத்தே அது மிகுதி. ஆகவே வாளாவிருக்கும்படி நான் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையை எறியும்படியும் சொல்லவில்லை. கோப்பையிலே அருந்தும் தேநீர் பொதுவாகத் தீங்கற்றதே. அதில் விழும் சீனியைத்தான் பாருங்கள். நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 40 கிராமுக்குக் குறையாது. 160 கலோரிக்குக் குறையாது. அதைப் பாதியாக்கக் காசு வேண்டியதில்லை. திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதிலே பெரும்பாலும் உணவின் அளவைப் பற்றியே பேசியதும் நினைக்கத்தக்கது.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெண் பார்க்கப் போகும் வீட்டிலே பெண்ணின் பருமனைப் பேச்சாக்காதீர்கள். அந்தப் பேச்சுத்தான் குளிகை வியாபாரிக்கு முதல். இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: எந்த மருந்தின் விளம்பரம் கைபேசியில் வந்தாலும், “எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? மாவுக் குளிகையோடு ஒப்பிட்டீர்களா? ஈரலைப் பார்த்தீர்களா?” என்று மூன்று கேள்வி கேளுங்கள். விடை வராவிட்டால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வைத்தியரை நாடுங்கள்.

என் மருமகளுக்கு இந்தச் சோதனைகளின் கதையைச் சொன்னேன். “அப்படியென்றால் பிழை என்னில் இல்லையா, மாமா?” என்றாள். இல்லை, பிள்ளாய், இல்லை. இந்த ஒரு சொல்லை நம் வீடுகளிலுள்ள பெண்கள் யாவருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்களாக.