சைக்கிளில் கொல்லிமலை

இன்றைய பயணத்துக்கு பஸ் டிக்கெட்டும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். கியர் வைத்த ஒரு சைக்கிள், இரண்டு பாட்டில் தண்ணீர், கோழி கூவும் முன் எழும் மனசு, இவை இருந்தால் போதும். சேலத்தில் கிளம்பி, ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாக அடிவாரம் போய், எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் கொல்லிமலை ஏறி, மறுநாள் முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கப் போகிறோம்.

மலையும் சைக்கிளும் என்றதும் உலகம் பிரான்ஸைத்தான் பார்க்கும். 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயம் அந்த நாட்டின் மலைச் சாலைகளையெல்லாம் ஊர்ப்பெயர் போலப் பழக்கிவிட்டது. தெற்கே மத்தியதரைக் கடலை நோக்கிய புரோவான்ஸ் பகுதியில் மோன் வாந்தூ என்றொரு மலை நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 1,910 மீட்டர். அடிவாரத்துப் பெதுவான் கிராமத்தைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். அங்கே மிதிக்கத் தொடங்கினால் உச்சிக்கு 21 கிலோமீட்டர். திராட்சைக் கொடியில் தொடங்கும் சாலை காட்டுக்குள் புகுந்து, கடைசியில் புல்லும் முளைக்காத வெள்ளைப் பாறையில் முடியும். உயரம் மாற மாற விளைச்சல் மாறுவதுதான் அந்தப் பயணத்தின் சுவை. அந்தச் சுவைக்காகக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் அது நம் வாசலிலேயே இருக்கிறது. அங்கே திராட்சை, இங்கே கீழே மரவள்ளி, மேலே மிளகும் காபியும்.

சேலத்திலிருந்து தெற்கே நான்குவழிச் சாலை நேராக நாமக்கல்லுக்கு ஓடுகிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் தேசிய நெடுஞ்சாலை 44இன் ஒரு துண்டு அது. லாரி கட்டும் ஊருக்குப் போகும் சாலை என்பதால் லாரிகளுக்குக் குறைவில்லை. மல்லூர் தாண்டி ஆண்டகளூர் கேட்டில் ராசிபுரம் திசைக்குத் திரும்பிவிட்டால் காதுக்கு நிம்மதி.

அங்கிருந்து இருபுறமும் குச்சிக்கிழங்குக் காடுதான். மரவள்ளியை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஆளுயரத் தண்டு, விரித்த கை போன்ற இலை. நாடு முழுவதும் பாயசத்துக்கும் உப்புமாவுக்கும் போகும் ஜவ்வரிசியில் பெரும்பங்கு இந்த மண்ணின் கிழங்கிலிருந்து வருவதுதான். கிழங்கைத் தோல் சீவி அரைத்துப் பால் எடுத்து, பாலைத் தெளியவிட்டு, அடியில் தங்கிய மாவைக் குருணையாக்கி, வறுத்து வெயிலில் காயப்போடுகிறார்கள். அரவை நடக்கும் மாதங்களில் ஆலைக் களங்கள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கும். பால் எடுத்த பின் மிஞ்சும் திப்பியின் புளித்த வாடை, ஆலை கண்ணில் படும் முன்பே மூக்கில் ஏறும். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவருக்கு அந்த ஊர் பாதிதான் தெரியும். இந்த ஆலைகளுக்காகவே 1981இல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நெய்க்குப் பேர்போன ராசிபுரத்தில் ஒரு டீ குடித்துவிட்டுப் பக்கத்து மலையைப் பாருங்கள். அது போதமலை. நெடுங்காலம் அதன்மேல் வண்டி ஏறும் சாலை கிடையாது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள். கொல்லிமலைக்கு எழுபது வளைவுச் சாலை, இந்த மலைக்கு அன்று ஒற்றையடிப் பாதை. சாலை என்பது எவ்வளவு பெரிய வரம் என்று இந்த இடத்தில் புரியும்.

அடுத்தது பேளுக்குறிச்சி. மலைச்சரக்கு கீழே வந்து காசாகும் சந்தை ஊர். கோடை தொடங்கும் நாட்களில் வருஷத்துக்கு வேண்டிய மிளகு, சீரகம், கடுகு வாங்க வெளியூர்க் குடும்பங்களும் வந்து சேரும். காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காரவள்ளி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக வருகிறவர்களும் இந்தச் சாலையில்தான் வந்து சேர்வார்கள். இது அடிவாரம். பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இனி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை நிற்கிறது. பிரான்ஸின் ஆல்ப் துவே ஏற்றத்தில் எண்ணிட்ட வளைவுகள் 21. இத்தாலியின் புகழ்பெற்ற ஸ்டெல்வியோ கணவாயின் வடக்குப் பக்கத்தில் 48. நம் கொல்லிமலையில் 70. எண்ணைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். வளைவு கூடக்கூடச் சாலை நீளும். சாலை நீண்டால் சரிவு குறையும். மலையை முட்டி ஏறாமல், பக்கவாட்டில் மடித்து மடித்து ஏற்றியிருக்கிறார்கள். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 வளைவுதான். அதனால் அது எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கேயும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். காலுக்குத் தெரிவது வளைவின் எண்ணிக்கை அல்ல, சரிவு.

முன்பக்கம் சின்னப் பல்சக்கரம், பின்பக்கம் பெரிய பல்சக்கரம். அந்த கியரில் போட்டு, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகும் வேகத்தில் மிதியுங்கள். வளைவின் உள்விளிம்பு செங்குத்தாக இருக்கும், வெளிவிளிம்பு தணிவாக இருக்கும். வெளிவிளிம்பு இழுத்தாலும் நம் இடது பக்கத்தை விடக்கூடாது. மேலிருந்து வரும் பஸ் அகலமாக ஒடித்துத்தான் திரும்பும். ஹாரன் கேட்டால் ஓரம் கட்டி நின்றுவிடுவதே புத்தி. கால் வலித்தால் இறங்கித் தள்ளுங்கள். யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை.

ஏற ஏற மரங்கள் உயரத்தைச் சொல்லும். அடிவாரத்துப் புளியும் முட்செடியும் பின்தங்கும். மூங்கிலும் காட்டு மரங்களும் வரும். மேலே போனால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றி ஏறியிருக்கும், நிழலில் காபிச்செடி நிற்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதைச் சட்டையில் காயும் வியர்வையே சொல்லிவிடும். கடைசி வளைவைத் தாண்டினால் சோளக்காடு. பலா, அன்னாசி, மலைவாழை, மிளகு எல்லாம் விளைவித்தவர் கையிலிருந்தே கிடைக்கும். முடவாட்டுக்கால் கிழங்கு சூப் ஒரு டம்ளர் குடித்தால், ஏறிய களைப்புக்கு இதமாக இருக்கும்.

மலைமேல் வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், தமிழ் பேசுபவர்கள். முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தார்கள் என்றும், அண்ணன் தம்பிகள் பிரிந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்றும் அவர்களுடைய வாய்மொழி மரபு. ஊர்களை நாடு என்றே பிரித்திருக்கிறார்கள்: வளப்பூர் நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு, அரியூர் நாடு என்று. வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயில். அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கினால் ஆகாய கங்கை அருவி. சைக்கிள் மிதித்த மறுநாள் அந்தப் படிகளில் இறங்குவது முழங்காலுக்குப் பெரிய சோதனை, யோசித்துச் செய்யுங்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. மலைமேல் உள்ள செம்மேடு ஊரில் அவனுக்குச் சிலை இருக்கிறது. மலைமேல் நெடுங்காலம் சோறு போட்டது சாமையும் தினையும் கேழ்வரகும். அந்தப் பயிர்களைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள விவசாயிகளோடு பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது.

இரவு செம்மேட்டில் தங்கிவிட்டு, மறுநாள் முள்ளுக்குறிச்சிச் சாலையில் இறங்குங்கள். வளைவு குறைவு, ஆனாலும் இறக்கம் இறக்கம்தான். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். கீழே நாமகிரிப்பேட்டை. நாதஸ்வர வித்வான் கிருஷ்ணன் தன் பெயரோடு சேர்த்து உலகறியச் செய்த ஊர். பொங்கலுக்குப் பின் போனால் மஞ்சள் வேகவைக்கும் வாசனையும், களத்தில் காயும் மஞ்சளும் வழியெல்லாம் கூடவரும். அங்கிருந்து ராசிபுரம், பிறகு வந்த வழியே சேலம்.

எப்போது போகலாம்? மழை ஓய்ந்த பின் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காபிப் பழம் பறிக்கும் பருவமும் அதுவே. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் மலைச்சாலைகளில் மண் சரியும். அப்போது போகவே வேண்டாம். தலைக்கவசம், ஒரு மாற்று ட்யூப், காற்றடிக்கும் பம்பு, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

மலைமேல் நீங்கள் செலவழிக்கும் பணம் அங்கே விளைவித்தவர் கையில் சேரட்டும். மிளகோ சாமையோ காபிக்கொட்டையோ, முதுகுப்பையில் ஒரு கிலோவுக்கு இடம் விட்டு வாருங்கள். குடித்த தண்ணீர் பாட்டிலை மட்டும் மலையில் விட்டுவிடாதீர்கள்.