கூரைமேல் பனி



தோட்டத்தில் அடைமழை பிடித்துக்கொண்டால் பால்மர வெட்டு நின்றுவிடும். ஆயினும் மழைநீர் கால்வாய் வழியே ஓடி மறைந்துவிடுகிறது. வானத்திலிருந்து விழுவது ஓடாமல் வாசலிலும் கூரையிலும் மாதக்கணக்கில் கிடந்தால் என்ன செய்வது? வெண்பனி பெய்யும் நாட்டு மக்களின் கவலை அதுதான்.

பனி என்றதும் நமக்கு விடியற்காலைப் பனித்துளிதான் நினைவுக்கு வரும். வெண்பனியோ பஞ்சுபோல் விழுந்து, படிந்து, இறுகும். இறுகிய பனி ஒரு மீட்டர் உயரம் சேர்ந்தால், ஒரு சதுர மீட்டர் கூரைமேல் சுமார் 300 கிலோ எடை ஏறும். அதாவது, 50 கிலோ அரிசி மூட்டைகள் ஆறு!

ஜப்பானின் மேற்குக் கரையில் இத்தகைய பனி ஆண்டுதோறும் பெய்கிறது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. அங்குள்ள தக்காடா என்னும் ஊரில் 1945-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பனி 377 சென்டிமீட்டர் உயரம் நின்றது. இரண்டு ஆள் உயரத்திற்கும் மேல்!

அவ்வூரார் பழங்காலத்திலேயே ஒரு வழி கண்டனர். நம் பட்டணத்துக் கடைகளின் முன்னால் நனையாமல் நடக்க ஐந்தடிப் பாதை இருக்கிறதல்லவா? அதுபோலவே ஒவ்வொரு வீட்டாரும் தம் சொந்த நிலத்தில் கொஞ்சம் விட்டு, வாசல் கூரையை நீட்டிவிட்டனர். ‘கங்கி’ என்னும் அந்தப் பாதையில், தெரு பனியில் மூழ்கினாலும் மக்கள் நடமாடலாம். ஒரு வீட்டார் தம் பங்கை இடித்துவிட்டால் பாதை அங்கே அறுந்துபோகும்.

ஷிராக்காவா-கோ என்னும் மலைக் கிராமத்தில், கூப்பிய கைகளைப்போலச் செங்குத்தான புல்கூரை வேய்கிறார்கள். பனி எளிதில் சறுக்கி விழவே இந்த அமைப்பு. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூரையைப் புதிதாக வேய வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற வேலையா அது? ஊரே திரண்டு வந்து கைகொடுக்கும். இன்று எனக்கு, நாளை உனக்கு. இதை அவர்கள் ‘யுய்’ என்கிறார்கள். நாம் கோத்தோங் ரோயோங் என்கிறோம்.

இனி சுவிட்சர்லாந்துக்குச் செல்வோம். அங்கே கூரைப் பனியைவிட மலைப் பனியே பெரிய அபாயம். அது சரிந்து உருண்டால் வீடுகளைப் புதைத்துவிடும். மேலே மரங்கள் நின்றால் பனி நழுவத் தொடங்காது. ஆகவே அண்டர்மாட் என்னும் ஊரார், 1397-ஆம் ஆண்டிலேயே, ஊருக்கு மேலுள்ள காட்டில் எவரும் மரம் வெட்டக்கூடாது என்று கட்டுப்பாடு செய்தனர். குளிரில் விறகு எவ்வளவு அவசியம் என்பதை எண்ணிப் பார்த்தால் அக்கட்டுப்பாட்டின் அருமை விளங்கும்.

ஊர் ஒற்றுமை குறைந்தால் என்ன ஆகும்? 2005–2006 குளிர்காலத்தில் ஜப்பானில் பெய்த கடும்பனிக்கு 152 பேர் பலியாயினர். அவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். கூரைப் பனியைத் தள்ள ஏறித் தவறி விழுந்தவர்கள் பலர். சரிந்த பனிக்குள் புதைந்தவர்களும் உண்டு. பிள்ளைகள் வேலைதேடிப் பட்டணம் போய்விட்டார்கள். கூரையோ வீட்டில்தான் இருக்கிறது; பனியும் காத்திருப்பதில்லை. முதியவர் தாமே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுகிறார்.

இன்று பனி தள்ளும் இயந்திரங்கள் உள்ளன. நிலத்தடி நீரைச் சாலையில் பீய்ச்சிப் பனியைக் கரைக்கும் குழாய்களும் உள்ளன. அவை சாலையைத் திறந்துவிடும். பாட்டியின் கூரைக்கு ஏறமாட்டா. அதனால்தான் அங்கே, “தனியாக ஏறாதீர்கள், இடுப்பில் கயிறு கட்டுங்கள், அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள்” என்று இடைவிடாது எச்சரிக்கிறார்கள். வெளியூர்த் தொண்டர்களும் வந்து உதவுகிறார்கள்.

நேயர்களே, நம் நாட்டில் வெண்பனி விழுவதில்லை; அடைமழையும் வெள்ளமும் உண்டு. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ஒழுகும் கூரையின்கீழ்த் தனித்திருக்கும் முதியவர் நம் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். அடுத்த மழைக்கு முன் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.