தொழில் தொடங்கும் முன் நூலகப் படி ஏறுங்கள்!

(மடத்துக்குளத்தில் வணிகர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்று மேடையில் பேசியதை எழுத்தாக்கித் தரும்படி ஆசிரியர் கேட்டார். பேச்சின் வேகத்தில் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் ஊர் திரும்புகிறவர்கள். மீதிப்பேர் கடைக்காரர்கள், தேங்காய் வியாபாரிகள், வளைகுடாவிலிருந்து திரும்பி ‘இனி என்ன செய்யலாம்?’ என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள். இவர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு முதலில் என் தவறு ஒன்றைத்தான் சொன்னேன். உங்களிடமும் அதையே முதலில் சொல்கிறேன்.

2010-ஆம் ஆண்டு. ரமலான் முடிந்து சில வாரங்கள் இருக்கும். என் சிறு வயது நண்பர் ஒருவர் வந்தார். பாலைவனத்தில் பத்து வருடம் உழைத்த பணம், மனைவியின் நகை, மச்சானிடம் வாங்கிய கைமாற்று எல்லாவற்றையும் திரட்டி, திருப்பூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு சாயப்பட்டறையில் பங்கு வாங்கியிருந்தார். “நல்ல ஓட்டம் ஹஜ்ரத்! ராத்திரி பகலாக வேலை நடக்கிறது. நீங்கள் வந்து துஆ ஓத வேண்டும்” என்றார். போனேன். ஓதினேன். பிரியாணி சாப்பிட்டேன். பேருந்து ஏறி வந்துவிட்டேன்.

2011 ஜனவரி 28. திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின் இணைப்பு போயிற்று. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வழி செய்த பிறகே திறக்கலாம் என்று நிபந்தனை. நொய்யல் கரை விவசாயிகளின் கிணறும் வயலும் கெட்டுப்போனதை நினைத்தால் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் என் நண்பர்? மூன்று மாதம்கூட முதலாளியாக இருக்கவில்லை. நகை போயிற்று. மச்சான் உறவும் போயிற்று.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இந்த உத்தரவு வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை சகோதரர்களே! 2006 டிசம்பரிலேயே உயர்நீதிமன்றம் கெடு வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்சநீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் தீர்ப்பு வந்தது. மாசைத் தடுக்க மூன்றே மாதம்தான் அவகாசம். இவையெல்லாம் சட்ட இதழ்களில் அச்சாகி, நூலக அலமாரியில் எவர் கைக்கும் எட்டும்படி இருந்தன. நண்பர் பங்கு வாங்கியபோது அந்தத் தீர்ப்புக்கு ஒரு வயது! ஓடுகிற பட்டறையை ஒருவர் ஏன் விற்கிறார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. துஆ ஓதப் போன நானும் கேட்கவில்லை. ஒரு நாள் கோவைக்குப் போய் அரை நாள் உட்கார்ந்து படித்திருந்தால் தெரிந்திருக்கும் செய்தி அது.

“நூலகமா? அது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அல்லவா?” என்று ஒரு கடைக்காரர் எழுந்து கேட்டார். நல்ல கேள்வி. வியாபாரிகளுக்கென்றே நூலகம் வைத்திருக்கிற ஊர்கள் உண்டு. நியூயார்க்கில் ஆல்ட்மன் என்று மாபெரும் ஜவுளிக்கடை ஒன்று இருந்தது. கடை மூடிய பிறகு அதே கட்டிடத்தில் 1996-ல் பொது நூலகத்தார் அறிவியல், தொழில், வணிகத்துக்கென்று தனி நூலகம் திறந்தார்கள். இப்போது அந்த வணிகப் பிரிவு பக்கத்திலேயே வேறு கட்டிடத்தில் இருக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகம் 2006-ல் ஒரு வணிக மையம் தொடங்கியது. விலை கொடுத்தால் பல ஆயிரம் ரூபாய் ஆகும் சந்தை அறிக்கைகளைத் தட்டுக்கடைக்காரனும் அங்கே உட்கார்ந்து இலவசமாகப் படிக்கலாம். பெரிய கம்பெனிக்காரனுக்கு ஆராய்ச்சிக்கு ஆள் இருக்கிறது. சின்ன வியாபாரிக்கு நூலகம்தான் ஆள் என்று அவர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் இல்லையா? இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது. கோவை அவினாசி சாலையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், அதாவது சிட்ரா, 1956 முதல் நடக்கிறது. நூல், துணி, சாயம் பற்றிய புத்தகங்களும் இதழ்களும் கொண்ட நூலகம் அங்கே உண்டு. (போகும் முன் தொலைபேசியில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், அது பொது நூலகமல்ல.) கொல்கத்தாவில் மத்திய அரசின் வணிகத் தகவல், புள்ளியியல் தலைமை இயக்ககம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து எந்தச் சரக்கு எந்த நாட்டுக்கு எவ்வளவு போனது என்று கணக்கு வைப்பது அதுதான். அங்கே வணிக நூலகம் என்றே ஒன்று இருக்கிறது. அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. ஏற்றுமதிக் கணக்கை வணிக அமைச்சகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 2010-ல் சென்னையில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-ல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உங்களுக்குத் தெரிந்தவை. பழனி, திண்டுக்கல் வழியாக மதுரை எவ்வளவு தூரம்? கல்யாணத்துக்கு எத்தனை தடவை போயிருக்கிறோம்!

இன்னொன்றையும் கவனியுங்கள். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். நம் வாப்பாமார்கள் கட்டினார்கள், நாம் கட்டுகிறோம். பணம் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுக்காமல் வருகிற வியாபாரியை எங்காவது பார்த்ததுண்டா?

சரி, போய் என்ன கேட்பது? “பனியன் தொழில் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?” என்று கேட்டால் நூலகர் நான்கு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். மதரஸாவில் எங்கள் உஸ்தாத் ஒரு ஹதீஸைத் தேடச் சொன்னால், அதில் வரும் ஒரு சொல்லின் வேர் எழுத்துகளைப் பிடித்து, ‘முஃஜம்’ என்ற சொல்லடைவுத் தொகுப்பைப் புரட்டுவோம். வேர் தெரிந்தால் ஐந்து நிமிடம். தெரியாவிட்டால் அஸர் தாண்டிவிடும். வியாபாரத்திலும் அப்படி ஒரு வேர் இருக்கிறது. ஒவ்வொரு சரக்குக்கும் உலகம் முழுதும் ஒரே எண், ஹெச்.எஸ். கோடு என்பார்கள். பின்னலாடை முழுதும் 61-ஆம் அத்தியாயம். டி-ஷர்ட் 6109. கைக்குழந்தை உடுப்பு 6111. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு, “ஐந்து வருடத்தில் எந்த நாட்டுக்கு இது கூடியது, எங்கே குறைந்தது, சராசரி விலை என்ன?” என்று கேளுங்கள். நூலகரின் முகமே மாறும்!

விலை தெரிந்தால் போதுமா? போதாது. ஒரு இளைஞர் சிறுவர்களுக்கான தொப்பி வைத்த ஸ்வெட்டர் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பத் திட்டம் என்றார். கழுத்தில் அழகான நாடா. சாம்பிளைக் காட்டினார், நன்றாகவே இருந்தது. அந்த நாடா விளையாட்டுச் சறுக்கில் மாட்டிக் குழந்தைகள் இறந்ததால், 1996-லேயே அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்து, 2011-ல் விதியாகவே ஆக்கிவிட்டது. கழுத்து நாடா இருந்தால் சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்துவார்கள். ஐரோப்பாவிலும் இதற்கொரு தரக் குறியீடு உண்டு. சாயத்திலும் இதே கதை. சில வகை அசோ சாயங்களை ஜெர்மனி தொண்ணூறுகளில் தடுத்தது. 1997-ல் நம் அரசும் தடுத்தது. இதையெல்லாம் பையர் சொல்வார் என்று காத்திருந்தால், கன்டெய்னர் திரும்பி வந்த பிறகுதான் சொல்வார். இந்தியத் தரக் குறியீடுகளை பி.ஐ.எஸ். தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பதாவது நமக்குத் தெரிய வேண்டாமா?

பனியன் சம்பந்தமில்லாதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அமராவதிக் கரையில் தென்னை வைத்திருப்பவர்களே! நார்த்தூள் கட்டி வெளிநாடு போகிறது. ஆனால் அதில் உப்பு எவ்வளவு என்று அளந்து பார்த்துத்தான் வாங்குகிறான். எப்படிக் கழுவுவது, எப்படி அளப்பது என்பதெல்லாம் ஆலப்புழை கலவூரில் இருக்கிற கயிறு ஆராய்ச்சி நிலையத்தாருக்குக் கைவந்த வித்தை. ஒரு கடிதம் போடுங்கள்.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவர்கள் அதை வாங்கவில்லை. “இங்கே சந்தை எங்கே இருக்கிறது?” என்று விசாரித்தார்கள். நெய்யிலும் பாலாடைக்கட்டியிலும் தொடங்கினார்கள். இந்தச் சம்பவத்தை ஜும்ஆவில் உழைப்புக்கு உதாரணமாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதில் விசாரிப்பு இருப்பது என் நண்பரின் பட்டறை மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு செய்தி வந்தால் ‘யார் சொன்னார்? அவர் யாரிடம் கேட்டார்?’ என்று அறிவிப்பாளர் வரிசையைத் துருவுகிற பாடத்தை ஏழு வருடம் படித்தவன் நான். லட்சக்கணக்கில் பணம் போடும்போது மட்டும் டீக்கடைப் பேச்சு நமக்கு ஸஹீஹாகிவிடுகிறது!

கூட்டத்தில் இரண்டு விஷயம் பேசி முடித்தோம். ஒன்று, கோரிக்கை. கோவையில் 2024 நவம்பரில் பெரியார் பெயரால் ஒரு பெரிய நூலகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதில் சிறுதொழிலுக்கென்று தனிப் பிரிவும், ஹெச்.எஸ். கோடு தெரிந்த ஒரு நூலகரும் வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்து எல்லாச் சமுதாய வியாபாரிகளிடமும் வாங்குகிறோம். சாயப்பட்டறையில் போன பணத்துக்கு மதம் கிடையாது.

இரண்டாவது, புதிதாகத் தொழில் போடப் போகிறவர் தன் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். என்ன சரக்கு, அதன் எண், யார் வாங்குகிறார், என்ன விதி, விற்கிறவர் ஏன் விற்கிறார். வெள்ளிதோறும் இஷாவுக்குப் பின் தாள்களை வாங்குகிறோம். பத்துத் தாள் சேர்ந்ததும் கோவைக்கு ஒரு வேன். வேன் வாடகையைக் கடைவீதி வியாபாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். மதியச் சாப்பாடு அவரவர் செலவு.

என் நண்பர் இப்போது ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் சம்பளத்துக்கு இருக்கிறார். அன்றைய கூட்டத்துக்கு மகனோடு வந்திருந்தார். முதல் தாள் அந்தப் பையனுடையது. அதில் ஏழு கேள்விகள் இருக்கின்றன. இரண்டுக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. இந்த முறை துஆ கேட்டு வந்தவனிடம் வேனில் இடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.