ஓடும் பனியில் வழி வகுத்தல்
(கருங்கல் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)



இமயத்துப் பனியாறுகளில் ஏறும் வழியை எப்படித் திட்டமிடுவது என்று பேசக் கருங்கல்லில் கூடியிருக்கிறோம். நம் குமரி மாவட்டத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் ரப்பர் தோட்டத்தில் சொட்டுவதுதான். பக்கத்திலேயே மிடாலம் கடற்கரை இருக்கிறது. பனிமலையோ நாட்டின் மறுகோடியில். இந்த ஊருக்கும் அந்தப் பொருளுக்கும் என்ன உறவு என்று அழைப்பிதழைப் பார்த்த பலர் நினைத்திருப்பீர்கள். உறவு உண்டு என்பதுதான் என் கட்சி. பனியாற்றை மலை என்று நினைத்துத் திட்டம் போடுகிறவர்களைவிட, கடலை அறிந்தவர்களுக்கே அது சீக்கிரம் பிடிபடும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைக்குத் தென்முனையாக அமைந்தது, குமரிமுனைக்கு அருகே புன்னை என்று பதிவுகளில் குறிக்கப்படும் நிலையம். அந்த முக்கோணச் சங்கிலியை அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் இமய அடிவாரம்வரை கொண்டுபோனார். அதன் தொடர்ச்சியாகத்தான், இன்று எவரெஸ்ட் எனப்படும் ‘பதினைந்தாம் சிகர’த்தின் உயரம் 29,002 அடி என்று 1856இல் அறிவிக்கப்பட்டது. நேபாளத்துக்குள் நுழைய அளவையாளர்களுக்கு அனுமதி இல்லை. நூறு மைலுக்கும் அப்பாலிருந்த சமவெளியில் கருவியை நிறுத்தி எடுத்த கோணங்களை வைத்து, ராதாநாத் சிக்தார் போன்றவர்கள் போட்ட கணக்கு அது. இன்றைய அளவுக்கும் அதற்கும் வித்தியாசம் முப்பது அடி அளவுதான்.

இவ்வளவு துல்லியமாக உயரம் தெரிந்த பிறகும், அந்தச் சிகரத்துக்கு வழி எது என்று 65 ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. 1921இல் ஹோவார்டு-பரி தலைமையில் திபெத் பக்கமாக முதல் ஆய்வுக்குழு போனது. ஜார்ஜ் மலோரியும் கை புல்லக்கும் ரோங்புக் பனியாற்றில் வாரக்கணக்கில் அலைந்தார்கள். வடக்குக் கணவாய்க்கு ஏறினால் சிகரத்துக்கு வழி பிறக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கணவாயின் அடிக்கு எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை. கிழக்குப் பக்கச் சரிவில் கற்குவியலைக் கிழித்துக்கொண்டு ஒரு சிற்றோடை வந்து விழுந்தது. அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். இவ்வளவு சிறிய ஓடைக்குப் பின்னால் பெரிய பனியாறு இருக்க முடியாது என்று எண்ணினார்கள். பிறகு மலையையே சுற்றிக் கார்ட்டா பள்ளத்தாக்குக்குப் போய், லக்பா லா கணவாயைக் கடந்து, செப்டம்பர் கடைசியில்தான் வடக்குக் கணவாயில் கால் வைத்தார்கள். அந்தச் சிற்றோடைக்குப் பின்னால்தான் கிழக்கு ரோங்புக் பனியாறு முழுவதும் கிடந்தது. அதைக் கண்டு சொன்னவர் ஆலிவர் வீலர். சிகரம் ஏறுவதற்காக வந்தவர் அல்லர், புகைப்பட அளவை செய்ய வந்த கனடா நாட்டு அளவையாளர். ஒவ்வொரு மேட்டிலும் கேமராவுடன் காற்றில் காத்துக் கிடந்த அந்தப் பொறுமைசாலி பின்னாளில் இந்திய அளவைத் துறையின் தலைமை அளவையாளர் ஆனார். மலோரியின் பெயர் உலகெங்கும் தெரியும். வீலரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? இதில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு.

இங்கே அளக்கப்பட்டவை இரண்டு வகை. சிகரம் அசையாதது, அதைத் தொலைவிலிருந்தே பிடித்துவிடலாம். பனி ஓடுகிறது. எவரெஸ்டின் தெற்குப் பக்கத்துக் கும்பு பனிவீழ்ச்சி நாளொன்றுக்குச் சுமார் ஒரு மீட்டர் நகர்கிறது. போன ஆண்டு ஏணி போட்ட பிளவு இந்த ஆண்டு அங்கே இருக்காது. அதனால்தான் ஒவ்வொரு வசந்தத்திலும் ஷெர்பாக்களில் தேர்ந்த ஒரு குழு முன்னால் போய்ப் புதிதாக வழி போடுகிறது. 2014 ஏப்ரல் 18 அன்று மேற்குத் தோளிலிருந்து பனிப்பாளம் உடைந்து விழுந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு வழியை அந்தத் தோளின் அடியிலிருந்து நடுப்பகுதிக்கு நகர்த்தினார்கள். நடுவில் போனால் நேரமும் உழைப்பும் கூடுதல். எது குறுக்கு வழி என்பதைவிட, மேலே தொங்குவது என்ன, அதன் அடியில் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறோம் என்பது பெரிய கேள்வி.

தூத்தூர் வட்டாரத்தில் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் இதைப் புதிது என்று சொல்லமாட்டார்கள். கரையோடு தொழில் செய்யும்போது வேளிமலையின் உச்சியையும் கரைக் கோயிலின் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துக் கடலடிப் பாறைத்திட்டான பாரைக் கண்டுபிடிப்பது பழைய வித்தை. அசையாத அடையாளம் கரையில் இருக்கிறது. நீரோட்டமும் காற்றும் நாளுக்கு நாள் மாறும். கச்சான் காற்று எப்போது எடுக்கும், வாடைக்காற்று எப்போது திரும்பும் என்ற கணக்கு தனி. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் வள்ளத்தை இறக்குவார்கள். பனியாற்றில் திட்டம் போடுகிறவர் செய்யவேண்டியதும் இதுவே. நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் கற்றுக்கொண்டு போகிறார்கள். கைப்பேசித் திரையில் ஒரு நீலக்கோடு இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

கங்கோத்ரிப் பக்கம் ஒரு குழு போவதாக வைத்துக்கொள்வோம். இலக்கு சதோபந்த், 7,075 மீட்டர். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்போடு ரயிலேறிப் போகிறவர்கள் நாம். கங்கோத்ரி 3,100 மீட்டர். அங்கிருந்து 14 கிலோமீட்டர் நடந்தால் போஜ்பாசா, ஏறத்தாழ 3,800. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஆக முதல் நடையிலேயே கணக்கு உடைகிறது. கங்கோத்ரியில் கூடுதலாக ஓர் இரவு தங்கினால் சரியாகும். ஆனால் பனியாற்றின் முகமான கோமுகத்துக்குப் போகும் பாதையில் ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் வனத்துறை அனுமதி. அனுமதிச் சீட்டின் தேதி நம் நுரையீரலைக் கேட்டு எழுதப்படுவதில்லை. அதனால் ஓய்வு நாட்களை முதலில் குறித்துவிட்டு, அதற்கேற்ற தேதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் தலைகீழாகச் செய்கின்றன: விடுமுறை, ரயில், அனுமதி எல்லாம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் நாட்களில் உடம்பைப் பொருத்தப் பார்க்கின்றன.

கோமுகத்துக்கு மேலே பனியாற்றைக் கடந்து நந்தன்வனம் போகவேண்டும். மேற்பரப்பு முழுக்கக் கல்லும் மண்ணும்; பனி இருப்பதே தெரியாது. முன்னே போனவர்கள் அடுக்கிவிட்டுப் போன கற்குவியல்கள் வழிகாட்டும் என்று நம்பி நடப்பவர்கள் உண்டு. பனியாற்றின் முகம் ஆண்டுக்குச் சராசரியாக 15 முதல் 20 மீட்டர் பின்வாங்கிக்கொண்டிருக்கும் இடம் அது. கீழே உருகிச் சரிந்த பிறகு அந்தக் கற்குவியல் காட்டுவது போன ஆண்டின் வழியை. புறப்படுவதற்கு முந்தைய வாரத்துச் செயற்கைக்கோள் படம் ஓரளவு உதவும். ஐரோப்பாவின் சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் இலவசம். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டர். ஆளை விழுங்கும் இரண்டு மீட்டர்ப் பிளவு அதில் தெரியாது. பிளவுகள் மொத்தமாக வெடித்துக் கிடக்கும் பகுதி எது என்று மட்டும் சொல்லும். மீதியைக் காலாலும் கோலாலும் கயிற்றாலும்தான் படிக்கவேண்டும்.

நேரமும் வழியின் ஒரு பகுதி. காலையில் முழங்கால் அளவு ஓடும் ஓடை, வெயிலில் பனி உருகி, பிற்பகலில் இடுப்பளவு ஆகிவிடும். பிளவின் மேல் விடியலில் இறுகிக் கிடக்கும் பனிப்பாலம் நண்பகலில் இளகிவிடும். மே, ஜூனில் பிளவுகளைப் பனி மூடியிருக்கும். பாலங்கள் தடிமனாக இருக்கும், ஆனால் பிளவு கண்ணுக்குத் தெரியாது. செப்டம்பரில் பிளவுகள் வாய் திறந்து தெரியும், பாலங்கள் மெலிந்திருக்கும். ஆகவே கோடு ஒன்றே என்றாலும், மாதம் மாறினால் வழியும் வேறு.

தெரிந்த மலைதானே என்ற துணிவும் போதாது. 2022 அக்டோபர் 4 அன்று, 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா டண்டா இரண்டாம் சிகரத்தில், உச்சிக்கு அருகே, நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 29 பேரின் உயிர் போனது. அந்த ஆண்டு மே மாதம்தான் எவரெஸ்டும் மகாலுவும் ஏறி வந்த பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர். 2024 ஜூன் தொடக்கத்தில் சகஸ்திர தால் நடைப்பயணத்தில் கர்நாடகத்திலிருந்து போன ஒன்பது பேர் பனிப்புயலில் இறந்தார்கள். அது சிகரம் ஏறும் பயணமே அல்ல, நடைப்பாதை.

பனியாற்றில் வழி போடுவது மலையேறிகளின் காரியம் மட்டுமாக எப்போதும் இருந்ததில்லை. 1949இல் கராச்சியில் வரைந்த போர்நிறுத்தக் கோடு என்ஜே9842 என்ற புள்ளியோடு நின்றது. அதற்கு மேலே பனியாறுகளை நோக்கி வடக்கே என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார்கள். ஆள் வாழாத பனியில் கோடு எதற்கு என்று நினைத்திருக்கலாம். பாகிஸ்தானிடம் அனுமதி பெற்று வெளிநாட்டுக் குழுக்கள் அங்கே ஏறத் தொடங்கியதும், 1978இல் கர்னல் நரேந்திர குமார் சியாச்சின் பனியாற்றுக்குக் குழுவோடு போனார். 1984 ஏப்ரலில் இந்தியப் படைகள் ஏறின. அந்தக் கோட்டின் விலையில் நமக்கும் பங்கு உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்துச் சோனம் காவல் நிலையில் பனிச்சரிவு மூடிய பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாளத்தார். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். எந்த மலையேறியும் தானாக விரும்பிக் கூடாரம் போடாத இடங்களில், ஆணைப்படி இருக்கவேண்டியவர்கள் அவர்கள்.

கடலறிவை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனமில்லை. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் காற்றையும் நீரையும் படிக்கத் தெரியாமல் இல்லை. தாழ்வு மண்டலம் ஒரே நாளில் புயலாக மாறியது. செய்தி போய்ச் சேரவில்லை. திரும்பி வரும் தூரம் நாள்கணக்கில் இருந்தது. பனிமலையிலும் இதே மூன்றும் சேரும் இடத்தில்தான் ஆட்கள் சாகிறார்கள். அதனால் திட்டத்தாளில் நான் முதலில் தேடுவது உச்சிக்குப் போகும் கோடு அல்ல. எந்த முகாமில், எத்தனை மணிக்கு, யார் சொன்னால் திரும்புவது. வானிலைச் செய்தி எந்தக் கருவியில், யாரிடமிருந்து வரும். செயற்கைக்கோள் தொலைபேசிக்கு முன்கூட்டியே அரசு அனுமதி வாங்கியாயிற்றா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத தாளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

2023 மே மாதம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்டில் நின்ற பிறகு, நம் பக்கத்துக் கல்லூரிகளிலும் மலையேற்றம் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கத் தமிழில் நம்மிடம் என்ன இருக்கிறது? ஏறி வென்ற கதைகள் இருக்கின்றன. பாதியில் திரும்பிய பயணங்களின் குறிப்பு இல்லை: எந்த நாளில், எந்த ஓடைக்கரையில், பனி எப்படி இருந்தபோது திரும்பினார்கள் என்ற பதிவு. இந்த இரண்டு நாளில் கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும், தலைப்பு எதுவானாலும், அப்படி ஒரு குறிப்பையாவது எழுதி அமைப்பாளர்களிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று தலைவர் என்ற உரிமையில் கேட்கிறேன். தொகுத்து அச்சிடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் அமர்வு பனிப்பிளவு மீட்பு பற்றியது. கயிறும் கொக்கிகளும் மேடைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. தேநீர் இடைவேளையில் மாணவர்கள் தொட்டுப் பார்க்கலாம். கட்டுரையாளரை அழைக்கிறேன்.