கண்டிக்குப் போகும் வழியில்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த ஆண்டு மாணவியரைக் கண்டிக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பொறுப்பை நமது சங்கம் ஏற்றிருக்கிறது. பாதையைப் பற்றிப் பேசும்படி என்னிடம் சொன்னார்கள். புசல்லாவையிலிருந்து கண்டிக்கு ஒரே பாதைதானே, அதில் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் சிரிக்கலாம்.

நாங்கள் எட்டாம் வகுப்பில் போன சுற்றுலாவில் பஸ் கம்பளை தாண்டிப் பேராதனைப் பூங்காவின் வாசலைக் கடந்தே போனது. "வரும்போது பார்க்கலாம்" என்றார்கள். மாளிகை, வாவி, கடைத்தெரு எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பினால், பாடசாலைகள் விட்ட நேரம். கண்டி நகருக்குள் பஸ் ஊர்ந்தது. பின்னர் மழை. பூங்காவை அடைந்தபோது வாசல் பூட்டிக் கிடந்தது. என் பக்கத்தில் இருந்தவள் விஞ்ஞானத்தில் வகுப்பிலேயே முதலாவது. அடுத்த வருடம் படிப்பை விட்டுக் கொழுந்துக்கூடை தூக்கினாள். இன்றுவரை அந்தப் பூங்காவை அவள் பார்க்கவில்லை.

ஆகவே, முதலில் மூடும் இடத்தை முதலில் பார்ப்போம். காலை ஏழரைக்குப் பூங்கா. 1821இல் தொடங்கிய அந்த 147 ஏக்கரையும் நடந்து முடிக்க ஆசைப்பட வேண்டாம். பெரிய ஜாவா அத்தி, ஒர்க்கிட் கூடம், 1901இல் அரச தம்பதியர் நட்ட நாகலிங்க மரம் ஆகியவை போதும். பத்தரைக்குப் புறப்பட்டால், நகருக்குள் நுழையும் வழியிலேயே கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில். உச்சிக்குப் பின் நடை சாத்துவதற்குள் கும்பிட்டுவிடலாம். தலதா மாளிகையில் ஒன்பதரைப் பூசைக்கு முண்டியடிக்கும் கூட்டம் அதற்குள் குறைந்திருக்கும். பெட்டியைக் கிட்டப் பார்க்க முடியாதுதான். நாற்பது பிள்ளைகளை எண்ணிக்கொண்டு நிற்பவளுக்கு அது பெரிய குறையல்ல. போயா தினத்தையும் பெரஹரா காலத்தையும் தவிருங்கள். சோற்றுப் பார்சலை வாவிக்கரையில் பிரித்து, ஒரு மணிக்கு முன் நகரை விட்டு வெளியேறிவிட வேண்டும். கடைத்தெரு வேண்டாம். பிள்ளைகள் என்னைத் திட்டட்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏழரைக்கு அங்கு நிற்க, இங்கிருந்து ஐந்தே முக்காலுக்காவது பஸ் புறப்பட வேண்டும். மேற்கணக்குப் பிள்ளைகள் இருட்டில் அட்டை கடிக்க எப்படி இறங்கி வருவார்கள்? நேரத்தைச் சாட்டி அவர்களை விட்டுவிட்டுப் போனால், நான் சொன்ன பாதையால் யாருக்கு என்ன பயன்?

முதல்நாள் மாலையே அவர்கள் வந்து பாடசாலை மண்டபத்தில் தங்கட்டும். அதிபர் அவர்கள் சம்மதித்துவிட்டார். இரவுத் துணைக்கு நம்மில் ஆறு பேர் வேண்டும். நாற்பது பாயும் கம்பளியும் வேண்டும். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். என் பெயரையும் என் பழைய வகுப்புத் தோழியின் பெயரையும் ஏற்கனவே எழுதிவிட்டேன். அவளும் பஸ்ஸில் வருகிறாள்.