சிறு டீசல் இன்ஜினும் நம் பிள்ளைகளின் கைகளும்

(தொழிற்பயிற்சி வகுப்பின் ஆண்டு நிறைவு நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



  

நம் பயிற்சிக் கூடத்தில் லேத் பழகும் பிள்ளைகள் இந்த ஆண்டு தங்கள் கையாலேயே ஒரு டீசல் இன்ஜின் செய்திருக்கிறார்கள். மேசைமேல் இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். அதைப் பார்த்தவர்களிடமிருந்து எங்களுக்கு இரண்டு கேள்விகள் வந்தன. "விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு பாடா?" என்பது பெரியவர்கள் சிலரின் கேள்வி. "இது வெடிக்குமா? பிள்ளை இதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டுவேன் என்கிறானே" என்பது உம்மாமார்களின் கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு இங்கே பதில் சொல்வது எங்கள் கடமை.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். காற்றை விரைவாக நெருக்கினால் அது சூடாகும். மலாய் மக்கள் இந்த ஒரு உண்மையைக் கொண்டே நெருப்பு உண்டாக்கினார்கள். சிறு குழாய்க்குள் தண்டு ஒன்றை ஓங்கி அழுத்தி, உள்ளே வைத்த பஞ்சைப் பற்றவைப்பார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897இல் ருடால்ப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினும் இதே தத்துவத்தில் இயங்கியதுதான். அதில் பற்றவைக்கத் தீப்பொறி தேவையில்லை. நெருக்கப்பட்ட காற்றின் சூடே எரிபொருளைப் பற்றவைத்துவிடும்.

லாரி இன்ஜின் காற்றை மட்டும் நெருக்குகிறது. பிறகு ஒரு பம்பு, நாசில் வழியாக டீசலைப் பீச்சுகிறது. ஒன்றரை சி.சி. அளவுள்ள சிலிண்டருக்கு அத்தனை சிறிய பம்பும் நாசிலும் செய்வது மிகக் கடினம். அதனால் சிறிய இன்ஜினில் எரிபொருளும் காற்றும் ஒன்றாகவே உள்ளே போகின்றன. அந்தக் கலவை குறைந்த சூட்டிலேயே பற்றவேண்டும் என்பதற்காக அதில் ஈதர் சேர்க்கிறார்கள். இந்த வகை இன்ஜின் சுவிட்சர்லாந்தில் உருவாகி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 'டைனோ' என்ற பெயரில் வந்தது. இங்கிலாந்தில் 1946இல் வந்த 'மில்ஸ் 1.3' இன்றும் பேசப்படுகிறது. அதைப் போன்ற இன்ஜின்கள் நம் நாட்டிலும் செய்யப்பட்டன. பேட்டரி, காயில், பிளக் எதுவும் வேண்டாம் என்பதால் சிறு விமானங்களிலும் படகுகளிலும் பொருத்தி ஓட்டினார்கள்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். இந்தச் சாமான் எதைக் கற்றுக்கொடுக்கிறது?

இந்த இன்ஜினின் பிஸ்டனில் ரிங் கிடையாது. வார்ப்பிரும்புப் பிஸ்டன் எஃகுச் சிலிண்டருக்குள் தானாகவே காற்றுப் போகாமல் அடைக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு அளவுதான் இடைவெளி இருக்கலாம். லேத்தில் கடைந்தால் மட்டும் அந்த அளவு வராது. நுண்ணிய பேஸ்ட் தடவி, கையால் திருப்பித் திருப்பித் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். இதை லேப்பிங் என்பார்கள். சிலிண்டரின் மேல்பக்கம் மயிரிழை இறுக்கமாகவும் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கவேண்டும். கொஞ்சம் அதிகம் தேய்த்துவிட்டால் நெருக்கம் போய்விடும். அந்தப் பிஸ்டனைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி செய்யவேண்டியதுதான். வேலை முடிந்ததும் அந்தப் பேஸ்ட் ஒரு துளிகூட இல்லாமல் கழுவவேண்டும். மிச்சமிருந்தால் இன்ஜின் ஓடும்போது தன்னைத்தானே தேய்த்துத் தின்றுவிடும்.

இந்தத் தேய்ப்பு வேலை நமக்குப் புதிதல்ல. தியார்பக்கிர் நகரத்தில் அர்துகீ அரசர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரி, 1206இல் தம் இயந்திரக் கலை நூலை முடித்தார். நீரேற்றும் பம்பு உட்பட ஐம்பது கருவிகளை அதில் விவரித்தார். வால்வும் அதன் இருக்கையும் தண்ணீர் கசியாமல் பொருந்த, இரண்டையும் எமரிப் பொடி இட்டு ஒன்றோடொன்று தேய்க்கும் முறையையும் எழுதிவைத்தார். பின்னால் வருகிற கைவினைஞர் திரும்பச் செய்துகொள்ளும்படி அளவுகளையும் பொருத்தும் முறைகளையும் கொடுத்தார். அரசவைக் கலைஞராக இருந்தும் கையில் எண்ணெய் படுவதை அவர் குறைவாக நினைக்கவில்லை. நம் பிள்ளைகள் செய்திருப்பதும் அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

செய்யும் வேலையைத் திருத்தமாகச் செய்வதை நம் மார்க்கம் 'இத்கான்' என்கிறது. மதரஸாவில் அதன் பொருளைச் சொல்லிக் கொடுக்கலாம். லேத்தின் முன்னால் நிற்கிற பிள்ளைக்கு அது கையில் தெரியும். "ஏறக்குறையச் சரி" என்ற பேச்சை இந்த இன்ஜின் ஏற்றுக்கொள்ளாது. அளவு சரியாக இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. மைக்ரோமீட்டரைப் படித்து அளவுக்குள் வேலை முடிக்கத் தெரிந்த டர்னருக்கும் ஃபிட்டருக்கும் உள்ளூரிலும் வேலை இருக்கிறது, வளைகுடாவிலும் வேலை இருக்கிறது.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். இந்தப் பயிற்சிக்கு ஜகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. ஜகாத் அதற்குரியவர்களுக்கே போய்ச் சேர்கிறது. லேத்தும் கருவிகளும் பொது நன்கொடையில் வாங்கியவை. கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம்.

இரண்டாவது கேள்வி பாதுகாப்பைப் பற்றியது. தாய்மார்களின் பயம் வீண் பயம் அல்ல. மூன்று இடங்களில் ஆபத்து இருக்கிறது. அவற்றை ஒளிக்காமல் சொல்கிறோம்.

முதல் ஆபத்து ஈதர். இந்த இன்ஜினின் எரிபொருள் பொதுவாக ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறத்தாழச் சம பங்கு சேர்ந்தது. பற்றவைப்பது ஈதர், சக்தி தருவது மண்ணெண்ணெய், உராய்வைக் காப்பது விளக்கெண்ணெய். மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் தாமாக எளிதில் கலக்காது. ஈதர்தான் இரண்டையும் சேர்த்துவைக்கிறது. ஆனால் ஈதர் கொதிப்பது சுமார் 35 டிகிரியில். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறையின் சூடே அதற்குப் போதும். அதன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, அடுத்த அறையில் எரிகிற அடுப்பு வரைக்கும் போகும். அங்கே பற்றினால் நெருப்பு வந்த வழியே திரும்பி ஓடிவரும். சுவிட்ச் போடும்போது வரும் சிறு பொறி போதும். வீட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. அதன் உள்ளேயும் பொறி உண்டு. 1846 முதல் அறுவைச் சிகிச்சையில் மயக்கம் கொடுக்கப் பயன்பட்டதும் இதே ஈதர்தான். மூடிய அறையில் சுவாசித்தால் தலை சுற்றும், தூக்கம் வரும். இன்னொன்று, திறந்த புட்டியில் காற்றும் வெளிச்சமும் பட்டு நாளானால் அதில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு உண்டாகும். பழைய ஈதர்ப் புட்டி எங்காவது கண்ணில் பட்டால் அதை அசைக்கவோ திறக்கவோ வேண்டாம். விவரம் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஆபத்து, சுழலும் இறக்கை. எட்டு அங்குல இறக்கை நிமிடத்துக்கு 8,000 முறை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஓடும்போது கண்ணுக்கு வெறும் நிழலாகத்தான் தெரியும். விரல் பட்டால் துண்டாகும். விரிசல் விட்ட இறக்கை உடைந்து பறந்தால், அது சுற்றுகிற நேர்கோட்டில் நிற்பவர் மேல்தான் பாயும். அதனால் இன்ஜினுக்குப் பின்னால் நிற்கவேண்டும். முன்னாலும் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக் கூடாது. நீடில் வால்வைத் திருப்புவதும் பின்னாலிருந்துதான். உலோக இறக்கை வேண்டவே வேண்டாம். விரிசல் கண்ட இறக்கையை ஒட்டவைக்காமல் ஒடித்துப் போட்டுவிடவேண்டும். தொங்கும் துப்பட்டா, அகலமான ஜிப்பாக் கை, கழுத்தில் ஆடும் அடையாள அட்டை எதுவும் அருகில் வரக் கூடாது. கண்ணாடி அணியாமல் யாரும் பக்கத்தில் போகக் கூடாது.

மூன்றாவது ஆபத்து அவசரம். இந்த இன்ஜினின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருகினால் உள்ளே இருக்கும் மேல் பிஸ்டன் இறங்கி நெருக்கம் கூடும். ஓடவில்லையே என்று பிள்ளை திருகை இறுக்கிக்கொண்டே போனால், இன்ஜின் பின்னோக்கி உதைத்து விரலில் அடிக்கும். எரிபொருள் அதிகமாகி உள்ளே தேங்கினால் நிலைமை இன்னும் மோசம். திரவத்தை நெருக்க முடியாது. பலம் போட்டுச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கை இறுக்கமாக உணர்ந்த உடனே திருகைத் தளர்த்தி, தேங்கியதை வெளியேற்றிவிட்டுத்தான் மறுபடி முயலவேண்டும். வெறும் விரலால் சுற்றாமல் தடித்த தோல் உறையோ ரப்பர் சுற்றிய கட்டையோ பயன்படுத்தவேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் நிறுத்த சுவிட்ச் கிடையாது. எரிபொருள் குழாயை அழுத்தி நிறுத்தும் முறையை, ஓட்டுவதற்கு முன்பே பழகியிருக்கவேண்டும்.

இவற்றை யோசித்து நிர்வாகக் குழு சில முடிவுகளை எடுத்திருக்கிறது. இன்ஜினை வீட்டுக்குக் காட்சிக்காகக் கொண்டுபோகலாம். ஓட்டுவது பயிற்சிக் கூடத்தின் திறந்த முற்றத்தில் மட்டும்தான். கனமான மரக்கட்டையில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே ஓட்டவேண்டும். வைஸில் கவ்வி ஓட்டக் கூடாது. ஆசிரியர் இல்லாமல் யாரும் தொடக் கூடாது. ஈதரை வாங்குவதும் கலப்பதும் ஆசிரியரின் பொறுப்பு. கலவை அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் தயாராகும். டின்னில் தேதி எழுதப்படும். பிள்ளைகள் கையில் ஈதர் போகாது. பக்கத்தில் மணல் வாளியும் பவுடர் தீயணைப்பானும் இருக்கும்; எரியும் ஈதரின் மேல் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு மிதந்து பரவும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். புதிய இன்ஜினை முதலில் எரிபொருள் தாராளமாக விட்டுச் சிறிது சிறிது நேரம் ஓட்டி, ஆறவிட்டுப் பழக்குவோம்.

அண்டை வீட்டாரின் உரிமையும் இதில் இருக்கிறது. இதன் சத்தம் பெரிது, புகையில் எண்ணெய் நெடி உண்டு. அதனால் பாங்கு நேரத்திலும் தொழுகை நேரத்திலும் மதிய ஓய்விலும் ஓட்டமாட்டோம். பக்கத்தில் நோயாளியோ கைக்குழந்தையோ இருப்பதாகச் சொன்னால் அன்றைக்கு நிறுத்திவைப்போம்.

வாப்பாமார்களிடமும் உம்மாமார்களிடமும் ஒரு வேண்டுகோள். பயத்தால் பிள்ளையைத் தடுத்துவிட்டால், அவன் ஆர்வம் அடங்காமல் மாடியிலோ கழிவறையிலோ ஒளிந்து செய்வான். அதுதான் உண்மையான ஆபத்து. தடுக்காமல் கேளுங்கள். "என்ன செய்கிறாய், எதில் செய்கிறாய், யார் பக்கத்தில் இருக்கிறார்?" என்று கேளுங்கள். வீட்டில் மருந்து வாடை போன்ற இனிப்பான நெடி வந்தால் அடுப்பை அணையுங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். நேரம் காலம் பார்க்கவேண்டாம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மேல் பாரம் போடுவதை நபி (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னார்கள். போல்ட்டை இறுக்குவதும் கண்ணாடி போடுவதும் அந்தக் கயிற்றைக் கட்டுவதுதான். உங்கள் விரலும் கண்ணும் அல்லாஹ் கொடுத்த அமானத். ஓர் இன்ஜின் கெட்டால் இன்னொன்று செய்யலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் இன்ஜினை ஓட்டிக் காட்டுகிறோம். பெற்றோர் அனைவரும் வாருங்கள். கயிறு கட்டிய கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம் அங்கேயே கேளுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளைப் பாதுகாத்து, அவர்கள் கற்ற தொழிலில் பரக்கத் செய்து, அதை ஹலாலான சம்பாத்தியத்துக்கு வழியாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.